சத்தம் மாறினால் மிதியை விடு

மின்சாரம் போனதால்தான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து வீதியில் நாள் முழுக்க ஓடும் விசைத்தறிகள் ஒரே மூச்சில் நின்றுபோயிருந்தன. இன்வெர்ட்டரைப் பார்க்கலாம் என்று எழுந்தேன். கால் வயரில் மாட்டியது. மேசைமேல் இருந்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் சிவப்புச் சிமெண்டுத் தரையில் போய் விழுந்தது. இரண்டரை அடி உயரம்தான் இருக்கும். ஆனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. விழும்போது டிஸ்க்கும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எடுத்துக் காதருகே வைத்தேன். டிக், டிக், டிக். ஒரு சின்ன இடைவெளி. மறுபடியும் டிக், டிக்.

முன்னறையில் குழித்தறியில் உட்கார்ந்திருந்த அப்பா அங்கிருந்தே கேட்டார்: "என்ன சாமி அது சத்தம்?"

"ஒன்றும் இல்லைங்க அப்பா" என்றேன்.

இது நடந்தது 2022 புரட்டாசியில். தீபாவளிச் சரக்குக்கு டிசைன் கேட்டு நாலு பேர் வாசலில் நிற்கிற காலம். சென்னிமலை வட்டாரத்தில் பெட்ஷீட்டும் போர்வையும் நெய்கிறவர்களுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். அப்பா காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக மை பூசி வரைவார்கள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். எந்த இழை மேலேற வேண்டும் என்று தறியின் ஜக்கார்டு பெட்டிக்குச் சொல்வது அந்த ஓட்டைகள்தான். நான் கணினியில் வரைகிறேன். அந்த 1 டிபி டிஸ்க்கில் 2011 முதல் நான் போட்ட எல்லா டிசைன்களும் இருந்தன. மகளின் காதுகுத்து, தம்பியின் கல்யாணம், அப்பத்தா இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே பேசும் ஒரு செல்போன் வீடியோ, எல்லாம் அதில்தான்.

இன்னொரு நகல் எங்கே என்று கேட்பீர்கள். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்த புத்திசாலி நான். 'பேக்கப் எடுத்தாயிற்று' என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்றால் அது நகலா? அசல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது அப்போது மண்டையில் ஏறவில்லை.

அப்பாவுக்கு அப்போது 74 வயது. சிறுவயதில் எனக்குத் தறியில் அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், சத்தம் மாறினால் மிதியை விடு என்பது. ஜக்கார்டு பெட்டியில் ஓர் ஊசி வளைந்தாலும், அட்டை ஒன்று கோணலாக விழுந்தாலும் தறியின் தாளம் லேசாகப் பிசகும். பழகிய காதுக்கு மட்டும் தெரியும் பிசகு அது. அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டால் ஓர் இழை நஷ்டம். 'இன்னும் ஒரு மிதி மிதித்துப் பார்ப்போமே' என்று மிதித்தால் பாவு, அதாவது நீள இழை, அறும், அட்டை கிழியும், அரை நாள் வேலை போகும். நெசவுக்காரன் மகன் நான். மூன்று நாள் விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். விழுந்ததில் ஆன சேதத்தைவிட அந்த மூன்று நாளில் என் கையால் ஆன சேதம்தான் அதிகம் என்று பின்னால் தெரிந்தது.

டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் கை கூசியிருக்கும். உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத் தட்டுகள் இருக்கின்றன. சட்டைப் பைக்குள் அடங்கும் இரண்டரை அங்குல வகையில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும். எழுதிப் படிக்கும் தலைகள் தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியில் உண்டாகும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். டிஸ்க் ஓடாதபோது தலைகள் தட்டைவிட்டு விலகி, ஓரத்திலுள்ள ஒரு சரிவில் ஏறி ஒதுங்கிவிடும். அணைத்து வைத்த டிஸ்க் விழுந்தால் பிழைக்க வழி உண்டு என்பது இதனால்தான். ஓடுகிற டிஸ்க் விழுந்தால் தலை தட்டில் மோதும். நான் கேட்ட டிக் டிக், அடிபட்ட தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வந்த சத்தம். அந்த நிலையில் மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தலை தட்டைச் சுரண்டக்கூடும். தட்டின் மேலுள்ள காந்தப் பூச்சில்தான் நம் கோப்புகள் இருக்கின்றன. பூச்சு தூளாக உதிர்ந்துவிட்டால் எந்த ஆய்வகமும் அதை ஒட்டித் தராது.

இனி என் மூன்று நாள் திருப்பணி.

முதல் நாள், நான்கு முறை சொருகினேன். வயரை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். நான்காவது முறை இரண்டு டிக்கோடு நின்று, சுற்றத் தொடங்கியது. திரையில் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டது: இந்த டிரைவைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? கை 'ஆம்' பக்கம் போய்விட்டது. பின்னால் நின்றிருந்த மனைவி, "ஃபார்மட் என்றால் அழிப்பதுதானே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எங்களைக் காப்பாற்றியது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிஸ்க்கின் அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியவில்லை என்பதுதான் அந்தச் செய்திக்குப் பொருள்; உள்ளே ஒன்றும் இல்லை என்று பொருள் இல்லை. அதிலும் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, விரைவு ஃபார்மட் என்ற குறியை எடுத்துவிட்டுச் செய்கிற முழு ஃபார்மட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதிவிடும். அதன் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஃபார்மட்டிலிருந்து தப்பியவன், இரவில் வேறொன்றில் விழுந்தேன். யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னதைக் கேட்டு டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் செக்டிஸ்க் என்ற விண்டோஸ் கட்டளையை ஓட்டினேன். விடிய விடிய ஓடியது. காலையில் என் ஃபோல்டர்களில் பாதியைக் காணவில்லை, 'ஃபவுண்ட்.000' என்ற ஒரு புது ஃபோல்டரில் பெயர் தெரியாத துண்டுகள் கிடந்தன. செக்டிஸ்க்குக்கு நம் கோப்புகள் முக்கியம் இல்லை. அட்டவணை முரண் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. கணக்கு ஒத்துப் போகாத பதிவை வெட்டி எறிந்துவிட்டுக் கணக்கை நேராக்கிவிடும். நல்ல டிஸ்க்கில் அது சரியான வேலை. அடிபட்ட டிஸ்க்கில், கண் தெரியாத கணக்குப்பிள்ளையிடம் பேரேட்டைக் கொடுத்து இரவோடு இரவாகத் திருத்தச் சொல்வது போன்றது.

இரண்டாம் நாள், பெருந்துறையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் வந்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்றார். "மாவுப் பாத்திரம் வைக்கவே இடம் இல்லை" என்று மனைவி மறுத்துவிட்டார். இந்த யோசனை ஊரெங்கும் இன்னும் உலவுகிறது. குளிரில் வைத்து வெளியே எடுத்ததும் தட்டின்மேல் நீர் வியர்க்கும். நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் தலைக்கு அந்தத் துளி ஒரு குன்று. எங்கள் வீட்டு மாவு வாழ்க.

மூன்றாம் நாள், ஈரோடு. பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கணினிப் பழுதுக் கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் கெட்டவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. மீட்பு மென்பொருள் ஒன்றை நேராக என் டிஸ்க்கின் மேலேயே ஒன்பது மணி நேரம் ஓட்டினார். இறந்துகொண்டிருக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் தேட வைப்பது, இழுப்பு வந்த மனிதரைச் சென்னிமலையின் 1,320 படியும் ஏறச் சொல்வது மாதிரி. அது பாதியில் உறைந்ததும் மேல்கூட்டைப் பிரித்தார். உள்ளே வழக்கமான சாட்டா முனை இருக்கும், வேறு கணினியில் நேராக மாட்டலாம் என்பது அவர் கணக்கு. என் டிஸ்க்கில் யுஎஸ்பி முனை மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. இப்போது வரும் கையடக்க டிஸ்க்குகள் பலவும் இப்படித்தான். சிலவற்றில் நாம் கடவுச்சொல் போடாவிட்டாலும் அந்தப் பலகையிலுள்ள சில்லு தகவலைச் சங்கேதமாக்கியே எழுதும். பலகை போனால் தட்டு நன்றாக இருந்தும் படிக்க வராது.

"இதே மாடலில் இன்னொன்று வாங்கிப் பலகையை மாற்றிவிடலாம் அண்ணா" என்றார். முன்பு, பழைய டிஸ்க்குகளில், அது நடந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய நுண்ணளவுகள் பலகையிலுள்ள ஒரு சிறு ரோம் சில்லில் பதிந்திருக்கின்றன. அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் டிஸ்க் தன்னையே அடையாளம் காணாது. இது எனக்கு அப்போது தெரியாது. அவர் அடுத்ததாகத் தட்டுகளை மூடியிருந்த உலோக மூடியின் திருகில் கை வைத்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, மேசையில் பஜ்ஜிக் காகிதம் கிடந்தது. "கொடுங்கள், நான் கிளம்புகிறேன்" என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஒன்பது மணி நேரத்துக்கு அவர் 800 ரூபாய் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து, நடந்ததை முதல்முறையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சத்தம் கேட்டது. நான்தான் கேட்டேனே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, பெருந்துறையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். செய்தி போனதும் அவன் போனில் சொன்ன ஒரே வாக்கியம்: "மாமா, இனிமேல் அதைச் சொருகாதீர்கள்." கோயம்புத்தூரில் இதற்கென்றே இருக்கும் ஓர் ஆய்வகத்தை அவன்தான் தேடிப் பிடித்தான். போனிலேயே சில கேள்விகளைக் கேட்டோம். அவற்றை இங்கே சொல்வது உங்களுக்கு உதவும். தகவல் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? மூடியைத் திறக்க நேர்ந்தால் தூசியில்லாத அறை வைத்திருக்கிறீர்களா? மீண்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் மீதிப் பணமா? அசல் டிஸ்க்கைத் திருப்பித் தருவீர்களா? எங்கள் கோப்புகளின் நகலை உங்களிடமிருந்து எப்போது அழிப்பீர்கள்? நேராகப் பதில் சொல்கிற இடமா, 'கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று மழுப்புகிற இடமா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். தொண்ணூறு சதவீதம் நிச்சயம் என்று டிஸ்க்கைப் பார்க்காமலே உறுதி சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

காந்திபுரம் பக்கம் இரண்டாவது மாடியில் இருந்தது அந்த இடம். அங்கிருந்த இளைஞர் முதலில் கேட்டது என்ன ஆயிற்று என்றுகூட இல்லை. "விழுந்த பிறகு எத்தனை முறை சொருகினீர்கள் அண்ணா?" என்பதுதான். எண்ணிப் பார்த்துச் சொன்னேன். பதினொன்று. அவர் முகம் சுளிக்கவில்லை, குறித்துக்கொண்டார். செக்டிஸ்க், ஒன்பது மணி நேரம், பிரித்த கூடு, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வைத்தியரிடம் மறைப்பதுபோல இங்கே மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். நான்கு தலைகளில் மூன்று நன்றாக இருக்கின்றன, ஒன்று பலவீனம் என்றார். தலையை மாற்ற வேண்டி வந்தால் அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அதன் தலைகளைப் பெயர்த்து வைக்க வேண்டும், 35,000 ரூபாய் வரை ஆகும். அதற்கு முன் இருக்கிற தலைகளை வைத்தே பிரதி எடுத்துப் பார்க்கலாம், அதற்கு 9,000. இரண்டாவதற்குச் சரி என்றேன்.

பிரதி எடுப்பது என்றால் கோப்பு கோப்பாக இழுப்பது இல்லை. டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், டிஸ்க் தகவலைப் பிரித்து வைக்கும் சிறு கட்டங்களான செக்டார்களில் முதல் செக்டாரிலிருந்து கடைசிச் செக்டார் வரை உள்ளதை உள்ளபடி வேறொரு டிஸ்க்கில் இறக்குவது. 1 டிபி டிஸ்க்கில் 512 பைட் அளவில் 195 கோடிக்கு மேற்பட்ட செக்டார்கள். எளிதாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார்கள். கூட்டத்தில் கிடைக்கிற சாப்பாட்டை முதலில் இலையில் வாங்கிக்கொள்வது போல. பாயசத்துக்குச் சண்டை போடுவது கடைசியில். நல்ல தலைகளின் பரப்பை முழுதாக எடுத்த பிறகே பலவீனமான தலையைத் தொட்டார்கள். நான்கு நாள் ஆயிற்று. 97 சதவீதம் வந்தது. மீதி மூன்று சதவீதத்தில் செக்டிஸ்க் கிழித்துப்போட்ட அட்டவணையின் பெரும்பகுதியும் இருந்தது. ஆக, கோப்புகள் இருக்கின்றன, அவற்றின் பெயரும் இருந்த இடமும் இல்லை.

புது 2 டிபி டிஸ்க் ஒன்றில் அந்தப் பிரதியை வாங்கி வந்தோம். அசலை அன்று பீரோவில் வைத்ததுதான்.

இதற்குப் பிறகான வேலையை வீட்டிலேயே செய்தோம். பிரதியின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், பயம் இல்லை. முதலில் டெஸ்ட்டிஸ்க் மென்பொருளால் பழைய ஃபோல்டர் அமைப்பைத் தேடினான் மாப்பிள்ளை. கொஞ்சம்தான் கிடைத்தது. பிறகு அதே ஆசிரியரின் ஃபோட்டோரெக். இரண்டும் இலவசம். ஃபோட்டோரெக் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் விதத்தை வைத்துத் தேடுகிறது. என் டிசைன்களைப் போன்ற பிஎம்பி வகைப் படம் எப்போதும் பி, எம் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். அடுத்த நான்கு பைட்டில் கோப்பின் அளவு இருக்கும். அங்கிருந்து அவ்வளவு தூரம் வெட்டி எடுத்து வைத்துவிடும். பெயர் கிடைக்காது, செக்டார் எண்ணையே பெயராகக் கொடுக்கும். ஒரு ஃபோல்டருக்கு 500 கோப்பு வீதம் 368 ஃபோல்டர்கள் நிரம்பின. இணையத்தில் பார்த்த குப்பைப் படங்கள், சினிமாத் துண்டுகள், மென்பொருள்களின் குட்டிக் குட்டி ஐகான்கள், எல்லாம் கலந்து ஏறத்தாழ 1,84,000 கோப்புகள்.

புகைப்படங்கள் எளிதில் பிரிந்தன. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறது. தேதிப்படி அடுக்கியதும் காதுகுத்து ஒரு பக்கம், கல்யாணம் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தன. டிசைன்களுக்கு அப்படித் தேதி இல்லை. இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண் பூத்துப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் தொழிலிலேயே அடையாளம் இருக்கிறது! ஜக்கார்டு டிசைனில் படத்தின் அகலம், இழையைத் தூக்கும் கொக்கிகளின் எண்ணிக்கை. உயரம் அட்டைகளின் எண்ணிக்கை. நான் போட்டதெல்லாம் 240 கொக்கிக்கும் 400 கொக்கிக்கும்தான். அகலம் 240 அல்லது 400 உள்ள பிஎம்பி மட்டும் வேண்டும் என்று மாப்பிள்ளை நாலு வரி நிரல் எழுதினான். சில நிமிடத்தில் 2,900 படங்கள் வந்து நின்றன. பதினொரு வருட உழைப்பு, மொத்தம் 2 ஜிபிகூட இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தின் ஒரு மூலையில் அடங்கியிருக்கும். அதே டிஸ்க்கில் நான் சேர்த்து வைத்திருந்த சினிமா மட்டும் 640 ஜிபி. எதைத் தொலைத்தால் அழுவோம் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால், இவ்வளவு அலைந்திருக்க வேண்டாம்.

மயில் மட்டும் முழுதாக வரவில்லை.

மலைமேல் முருகன் இருக்கிற ஊரில் மயில் இல்லாமல் தீபாவளிச் சரக்கு ஏது? 2014இல் போட்ட டிசைன் அது, 400 கொக்கி, 560 அட்டை. திறந்தால் கீழே கால், விரித்த தோகையின் அடிப்பகுதி, கொடிக்கரை எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. நடுவுக்கு மேலே வெறும் கறுப்பு. கழுத்தும் தலையும் இல்லை. பிஎம்பி படத்தின் வரிகள் பெரும்பாலும் கீழிருந்து மேலாக எழுதப்படுகின்றன. ஆகவே கோப்பின் வால் படிக்க முடியாத செக்டாரில் மாட்டினால் படத்தில் போவது தலை. அந்த டிசைனைக் கேட்டு வந்திருந்தவர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தார்.

அப்பாதான் சொன்னார். "அட்டை குத்திக் கொடுத்தோமே சாமி. அட்டை எங்கேயாவது இருக்குமே."

வெள்ளோடு பக்கம் ஓர் அக்கா வீட்டில் அந்த அட்டைகள் ஓடியது நினைவுக்கு வந்தது. போனோம். தறியை நிறுத்தி மூன்று வருடம் ஆயிற்று என்றார். மகன் திருப்பூரில் பனியன் வேலைக்குப் போகிறான். "அடுப்புப் பற்றவைக்க ஆகுமே என்று மூட்டை கட்டிப் பரணில் போட்டேன் தம்பி. இன்னும் எடுக்கவில்லை" என்று ஏணியைக் காட்டினார். சாக்கைப் பிரித்ததும் எலிப்புழுக்கையும் பழைய நூல் தூசியும் கொட்டின. அட்டைகள் வரிசை கலையாமல் கயிற்றில் கோத்தபடியே இருந்தன. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் பென்சில் எண்கள்.

ஓர் அட்டை, ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு இழை. ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலேறும், பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். 1804இல் ஜக்கார்டு பிரான்சில் செய்து காட்டிய ஏற்பாடு இன்றைக்கும் எங்கள் தறியில் அப்படியேதான் ஓடுகிறது. மாப்பிள்ளை பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டான்: 400 பெருக்கல் 560, 2,24,000 ஓட்டையிடங்கள், அதாவது 28,000 பைட். அந்த ஒரு சாக்கு மூட்டை போல மூன்றரைக் கோடி மூட்டைக்கு மேல் என் டிஸ்க்கில் அடங்குமாம். ஆனால் மூட்டை பரணிலிருந்து விழுந்தாலும் டிக் டிக் என்று சத்தம் போடாது.

தலைப்பகுதிக்கு 280 அட்டைகள் தேவைப்பட்டன. கறுப்புத் துணியில் ஒவ்வொன்றாக விரித்துப் போனில் படம் எடுத்து, ஓட்டையை நிரலே எண்ணும்படி செய்கிறேன் என்றான் மாப்பிள்ளை. நெளிந்த அட்டையில் நிழலையும் ஓட்டை என்று எண்ணியது நிரல். நாற்பது அட்டையோடு அதைக் கைவிட்டு, நான் படிக்க அவன் தட்டச்சுச் செய்தான். ஏழு அட்டைகளை எலி தின்றிருந்தது. ஏழும் மயிலின் கொண்டை இருக்கிற இடம். அப்பா கிராஃப் தாளை எடுத்து வரச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேல் வரியையும் கீழ் வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கீழே நாலு கட்டம் தள்ளி ஒரு புள்ளி. மேலே அஞ்சு கட்டம் தள்ளி ஒரு புள்ளி. நடுவில் என்ன வரும்? நாலுதான். கொண்டை ஒரே அடியாகச் சாயாது." மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஏழு வரியையும் நிரப்பிவிட்டார். அந்தத் தீபாவளிக்கு நெய்த மயிலின் கொண்டை, பழையதைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. வாங்கியவர் யாரும் கேட்கவில்லை.

அப்பத்தாவின் வீடியோ கிடைத்தது, ஓடவில்லை. செல்போன் வீடியோவில் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பெரும்பாலும் கோப்பின் கடைசியில் எழுதப்படும். வால் அறுந்தால், படம் முழுக்க உள்ளே இருந்தும் எந்தச் செயலியும் திறக்காது. அதே போனில் எடுத்த வேறொரு நல்ல வீடியோ இருந்தால், அதைப் பார்த்து இதைச் சரிசெய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய போன் செத்துப்போய் மேசை அறையில் கிடந்தது. அதன் மெமரி கார்டில் தைப்பூசத் தேர் வீடியோ ஒன்று இருந்தது. அதை மாதிரியாகக் கொடுத்ததும் மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் நாற்பது விநாடி திரும்பி வந்தது. இராட்டை சுற்றுகிறது. "சாப்பிட்டாயா கண்ணு" என்று கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் முடிந்துவிடுகிறது.

போன வருடம் அறச்சலூரில் இருக்கிற புகைப்படக்கார நண்பர் ஒருவர் டிஸ்க்கோடு வந்தார். சத்தம் இல்லை, விழவும் இல்லை. கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் மட்டும் உறைகிறது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் மஞ்சள் நிறம், படிக்க முடியாத செக்டார்கள் காத்திருப்பில் என்று காட்டியது. இந்த மாதிரிக்கு ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் நாங்களே பிரதி எடுத்தோம். ஒரு குறிப்புக் கோப்பை அது வைத்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எங்கிருந்து எங்கே நகல் என்று டிஸ்க்கின் பெயரை மூன்று முறை சத்தமாகப் படித்த பிறகே எண்டர் தட்டினோம். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் அசலின் மேல் ஏறிவிடும். டிக் டிக் கேட்டால் இதையும் செய்ய மாட்டேன். தவறுதலாக அழித்த கோப்பு என்றாலும் அதே டிஸ்க்கில் மென்பொருளை நிறுவுவதோ மீட்டதைச் சேமிப்பதோ கூடாது. தேடுகிற இடத்தின் மேலேயே மண் கொட்டுவதாகும். சுற்றும் தட்டு இல்லாமல் சில்லிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு. டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே சுத்தமாகத் துடைத்துவிடும்.

இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று இங்கே, மற்றது காங்கேயத்தில் அக்கா வீட்டில். டிசைன்கள் மட்டும் இணையத்திலும் ஏறுகின்றன. எங்கள் வீட்டில் அமாவாசையன்று தறி ஓட்டுவதில்லை. அந்த நாளை நகல் எடுப்பதற்கு ஒதுக்கிவிட்டேன். நகல் எடுத்ததும் ஏதாவது ஒரு பழைய டிசைனைத் திறந்து, தலை இருக்கிறதா என்று பார்ப்பேன். டிஸ்க் மேசைமேல் இருப்பதில்லை. தரையில், ஒரு கோணியை நாலாக மடித்து அதன்மேல். வெள்ளோட்டு அக்காவின் சாக்கு மூட்டை என் அறைப் பரணில் இருக்கிறது, எலிப்பொறியோடு.

போன ஆடி அமாவாசைக்கு நகல் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பக்கத்து வீதி விசைத்தறிகள் ஒன்றாக நின்றன. எழவில்லை. குனிந்து கால் எங்கே இருக்கிறது, வயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

"என்ன சாமி?" என்றார் அப்பா முன்னறையிலிருந்து.

"ஒன்றும் இல்லைங்க அப்பா. சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது."